மாட்டுவண்டி போட்ட பாதை

கிள்ளான் பள்ளத்தாக்கில் மிதிவண்டி வைத்திருக்கும் மாணவர் பலருக்கு, அதை எங்கே ஓட்டுவது என்பதே முதல் சிக்கல். வீட்டு முன்சாலையில் கார்கள் வரிசையாக நிற்கின்றன. பெரிய சாலைக்குப் போகப் பெற்றோர் சம்மதிப்பதில்லை. அவர்கள் அஞ்சுவதற்குக் காரணம் இருக்கிறது. 2017 பிப்ரவரி 18ஆம் நாள் அதிகாலை, ஜொகூர் பாருவில் சாலையில் மிதிவண்டிகளோடு திரண்டிருந்த பதின்ம வயதினர்மீது கார் மோதியதில் எட்டுப் பேர் உயிரிழந்தனர். மாற்றியமைத்த வண்டிகளைப் பற்றியும் பெற்றோரின் பொறுப்பைப் பற்றியும் அப்போது நிறையப் பேசப்பட்டது. அப்படியானால் இளையோர் எந்தச் சாலையில்தான் ஓட்டுவது? இந்தக் கேள்வியும் அதே அளவு பேசப்பட்டிருக்க வேண்டும்.

நெடுநாள் மிதிவண்டி ஓட்டுபவர்கள் இதற்கு ஒரு விடை வைத்திருக்கிறார்கள். அவர்கள் வரைபடத்தில் தேடுவது பழைய சாலைகளை. ஓர் ஊருக்குப் புதிய நெடுஞ்சாலை வந்துவிட்டால் லாரிகளும் பேருந்துகளும் அதற்கு மாறிவிடும். பழைய சாலை ஆளரவம் குறைந்து கிடக்கும். கோலாலம்பூரிலிருந்து கோம்பாக் வழியாகப் பெந்தோங் செல்லும் பழைய சாலைக்கு நேர்ந்தது இதுதான். 1970களின் இறுதியில் காராக் நெடுஞ்சாலை வந்த பிறகு, ஒரு காலத்தில் கிழக்குக் கரைக்குப் போகும் வாகனங்கள் ஊர்ந்த அந்த வளைவுகளில் இன்று காலை வேளைகளில் மிதிவண்டிகளைக் காணலாம்.

மிதிவண்டிப் பயணத்திற்குப் பெயர்பெற்ற பிரான்சு நாட்டிலும் இதே கதைதான். அங்கே சுமார் 35,000 சிற்றூராட்சிகள் உள்ளன. அவற்றை இணைக்கும் சிறு சாலைகள் வயல்களுக்கும் குன்றுகளுக்கும் இடையே வலைபோலப் பரவியிருக்கின்றன. விரைவு வாகனங்கள் கட்டண நெடுஞ்சாலைகளுக்குப் போய்விட்டதால், கிராமச் சாலைகளில் டிராக்டரும் ரொட்டிக்கடை வண்டியும்தான் பெரும்பாலும் எதிர்ப்படும். பல மலைக் கணவாய்களில் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு பலகை நட்டு, அடுத்த கிலோமீட்டர் எத்தனை விழுக்காடு ஏறுகிறது என்று மிதிவண்டி ஓட்டுநர்களுக்கென்றே எழுதி வைத்திருக்கிறார்கள். நம் மலைச்சாலைகளிலும் இப்படிப் பலகை வைக்கலாம். பெரிய செலவொன்றும் ஆகாது.

அந்த விழுக்காட்டைப் புரிந்துகொள்வது எளிது. நூறு மீட்டர் முன்னே செல்லும்போது மூன்று மீட்டர் மேலே ஏறினால் அது 3 விழுக்காட்டு ஏற்றம். மேட்டுச் சாலையில் தூரத்தைவிட இந்த எண்ணே முக்கியம். இரண்டு மலைகளை ஒப்பிட்டுப் பார்ப்போம். பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில் உள்ள ஆல்ப் துவேஸ் என்னும் புகழ்பெற்ற ஏற்றம் 13.8 கிலோமீட்டர் நீளமும் 21 கொண்டை ஊசி வளைவுகளும் கொண்டது. அத்தூரத்திற்குள் சாலை ஏறத்தாழ 1,100 மீட்டர் உயர்கிறது. நம் கோலகுபு பாருவிலிருந்து பிரேசர் மலைக்கு ஏறினாலும் ஏறக்குறைய அதே உயரந்தான். ஆனால், தூரம் சுமார் 40 கிலோமீட்டர். முன்னதன் சராசரி 8 விழுக்காடு. பின்னதன் சராசரி 3 விழுக்காட்டை ஒட்டியது. முதலாவது பந்தய வீரரையும் மூச்சு வாங்க வைக்கும். இரண்டாவதைப் பயிற்சியுள்ள ஒரு மாணவர் பொறுமையாக ஏறிவிடலாம்.

பிரேசர் மலைச் சாலை ஏன் இவ்வளவு சாய்வாக ஏறுகிறது? கோலகுபுவிலிருந்து 'கேப்' எனப்படும் கணவாய் வழியாகப் பகாங் மாநிலத்திற்குச் செல்லும் சாலை 1890களில் போடப்பட்டது. அப்போது இந்நாட்டில் மோட்டார் வாகனம் கிடையாது. அரிசியும் ஈயமும் மாட்டுவண்டியில்தான் போய்வந்தன. பாரம் ஏற்றிய வண்டியை மாடு செங்குத்தான மேட்டில் இழுக்காது. ஆகவே, மலையின் மடிப்புகளையெல்லாம் சுற்றிச் சுற்றிச் சாலையை வளைத்தார்கள். மாட்டுக்காக வளைத்த பாதை, ஒரு நூற்றாண்டுக்குப் பின் மிதிவண்டிக்குப் பொருத்தமாக அமைந்துவிட்டது. இரண்டுக்குமே இயந்திரம் கிடையாதல்லவா! கெந்திங் மலைச் சாலையின் கதை வேறு. அது 1965இல் வெட்டத் தொடங்கிய சாலை. கார்களுக்கும் லாரிகளுக்குமாகப் போடப்பட்டது. அதன் மேற்பகுதியில் பல இடங்களில் ஏற்றம் 10 விழுக்காட்டைத் தாண்டுகிறது. 1996இல் தொடங்கிய லங்காவி மிதிவண்டிப் பந்தயத்தில் வெற்றியாளர் யார் என்பதைக் கெந்திங் ஏற்றமே பலமுறை தீர்மானித்திருக்கிறது. புதியவர்கள் அங்கிருந்து தொடங்க வேண்டியதில்லை.

கோலகுபு பாருவிலிருந்து கிளம்பினால் முதலில் சிலாங்கூர் ஆற்று அணை வருகிறது. இந்நீர்த்தேக்கத்திற்காகத் தெமுவான் பூர்வகுடியினரின் இரண்டு கிராமங்கள் இடம் மாற்றப்பட்டன. நீரைச் சுற்றிச் செல்லும்போது சாலை சற்று ஏறி இறங்கும். அதன்பின் காடு நெருங்குகிறது, வளைவுகள் தொடங்குகின்றன. ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் பள்ளத்தாக்கு. வாகனங்களை மெதுவாகச் செல்ல வைக்கும் இதே வளைவுகள் ஒருமுறை வேறொன்றுக்கும் பயன்பட்டன. அவசரகாலத்தின்போது, 1951 அக்டோபர் 6ஆம் நாள், பிரிட்டிஷ் தூதராணையர் சர் ஹென்றி கர்னி பிரேசர் மலைக்குச் செல்லும் வழியில் இங்கேதான் கம்யூனிஸ்டுப் போராளிகளால் பதுங்கியிருந்து சுட்டுக் கொல்லப்பட்டார்.

கேப் கணவாய்க்கு மேலே எஞ்சியிருப்பது எட்டுக் கிலோமீட்டர். இப்பகுதி மிகக் குறுகலானது. எனவே, ஒரு மணி நேரம் ஏறும் வாகனங்களுக்கும் அடுத்த மணி நேரம் இறங்கும் வாகனங்களுக்கும் என்று கதவு வைத்துப் பல ஆண்டுகள் முறைப்படுத்தினார்கள். மழைக்காலத்தில் மண்சரிவு ஏற்பட்டால் மலைச்சாலை மூடப்படுவதும் உண்டு. புறப்படும் முன் விசாரித்துக்கொள்வது நல்லது.

மேடு ஏறுவதில் வலிமையைவிடக் கியர் கைகொடுக்கும். பிரான்சின் சேந்த் எத்தியேன் நகரைச் சேர்ந்த பால் த விவி (1853–1930) இதை வலியுறுத்தி எழுதி வந்தார். 'வெலோசியோ' என்பது அவரது புனைபெயர். பல கியர்கள் கொண்ட வண்டியை அவர் பரிந்துரைத்தபோது, அது முதியோருக்கானது என்று பந்தயக்காரர்கள் எள்ளினர். 1903இல் தொடங்கிய பிரான்சு சுற்றுப் பந்தயத்தில் சங்கிலியை மாற்றும் கியர்க்கருவிக்கு 1937இல்தான் இடம் கிடைத்தது. பசிப்பதற்கு முன் உண்ண வேண்டும், தாகம் எடுப்பதற்கு முன் குடிக்க வேண்டும் என்பதும் அவர் சொல்லிச் சென்ற அறிவுரைதான். நம் வெயிலுக்கு அது இன்னும் பொருந்தும். கோலகுபு பாருவைத் தாண்டினால் கடைகள் அரிது. எனவே, இரண்டு புட்டி நீரும் வாழைப்பழமும் உடன் இருக்கட்டும்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் ஆபத்து அதிகம். வளைவுக்குள் நுழைந்த பிறகு பிரேக்கை இறுக்கினால் சக்கரம் வழுக்கும். வளைவு வருவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். காட்டுச் சாலையில் நனைந்த இலைகள் எண்ணெய்போல வழுக்கும். மூடுபனியில் எதிரே வருவது தெரியாது. ஆகையால் தலைக்கவசத்தோடு பின்விளக்கும் கட்டாயம் தேவை. உச்சியில் வியர்த்த உடம்போடு இறங்கும்போது குளிர் எடுக்கும். அக்காலத்துப் பிரெஞ்சுப் பந்தய வீரர்கள் சட்டைக்குள் நாளிதழைச் செருகிக்கொண்டு இறங்குவார்கள். இன்று மெல்லிய மழைச்சட்டை போதும்.

இவ்வளவு தூரம் போக முடியாதவர்களுக்கு உலு லங்காட் பக்கத்திலேயே இருக்கிறது. அங்குள்ள ஊர்கள் இன்றும் மைல்கல்லின் பெயரையே தாங்கி நிற்கின்றன: பத்து 14, பத்து 18. தோட்டப்புறத்துப் பெரியவர்கள் சாலையைச் 'சடக்கு' என்றும் மைல்கல்லைக் 'கட்டை' என்றும் சொல்வார்கள். அவர்கள் வாயில் பத்து 18 என்பது 'பதினெட்டாங்கட்டை'. முதல் சில வாரங்கள் அதுவரை சென்று திரும்பினாலே போதுமானது. அதுவும் பெரியவர் ஒருவர் துணையோடு, விடிந்தவுடன், வாகனங்கள் பெருகுவதற்கு முன். கால்கள் பழகியபின் பதினெட்டாங்கட்டையைக் கடந்து காட்டுக்குள் ஏறலாம். சாலை கெந்திங் பெரஸ் கணவாயில் நெகிரி செம்பிலான் எல்லையைத் தொட்டு, அங்கிருந்து ஜெலுபு மாவட்டத்தின் கோல கிளாவாங்கை நோக்கி இறங்குகிறது.