காரணம் என்கிற கட்டம்

அரூர்

அன்புள்ள கயல்,

உனக்கு வேலை கிடைத்த சேதியை உங்கம்மா போனில் சொன்னபோது வாசலில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தேன். "கர்ப்பம், பிரசவம் பத்தின ஆராய்ச்சியாம் அக்கா. வீடு வீடாப் போகணுமாம். டேப் எல்லாம் குடுத்திருக்காங்க" என்றாள். மறுநாளே நீ கேள்வித்தாளை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "பெரியம்மா, பாத்துச் சொல்லுங்க" என்று கேட்டாய். கண்ணாடியை மாற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தேன். நூற்றுச் சொச்சம் கேள்வி. படித்தவர்கள் போட்ட கேள்விகள், குறை சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? ஆனால் 61-ஆவது கேள்வியில் நின்றுவிட்டேன். "குழந்தை இறந்திருந்தால், காரணம்?" அதற்குக் கீழே ஒரு சின்னக் கட்டம்.

அந்தக் கட்டத்தை நான் 30 வருஷம் பார்த்திருக்கிறேன் கண்ணு. என் காலத்தில் அது கோடு போட்ட நோட்டில், மூன்று விரல் அகலத்தில் இருந்தது.

1991. ஊர்ப் பெயர் வேண்டாம். நான் நர்சம்மாவாகச் சேர்ந்து நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. அந்த வீட்டில் மூன்றாவதும் பெண். பிறந்த அன்று நான்தான் எடை போட்டேன், இரண்டே முக்கால் கிலோ, நல்ல அழுகை. ஆறாம் நாள் போனபோது வாசலில் புதுச்சாணி மெழுகி ஈரம் காயாமல் இருந்தது. மாமியார்தான் முன்னால் வந்தாள். "பால் பொரை ஏறிருச்சு நர்சம்மா." உள்ளே அந்தப் பெண் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் எனக்குத் தெரிந்தது. எழுந்து திரும்பினாள், சேலை முன்பக்கம் முழுக்கப் பால் நனைந்திருந்தது. ஒன்றும் பேசவில்லை. நானும் ஒன்றும் கேட்கவில்லை. திண்ணையில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்து, காரணம் என்கிற கட்டத்தில் "பால் புரையேறி" என்று எழுதினேன். கையெழுத்து அழகாகவே வந்தது.

எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த ஊரில் நாளைக்கும் நான் தடுப்பூசிப் பெட்டியோடு போக வேண்டும், அந்த மாமியார் வீட்டுத் தண்ணியைத்தான் குடிக்க வேண்டும். அதனால் எழுதினேன்.

என்னைவிடத் தைரியசாலிகள் இருந்தார்கள். கொலை என்று எழுதினால் போலீஸ், பொய் எழுதினால் மனசாட்சி. இரண்டுக்கும் நடுவில் அவர்கள் கண்டுபிடித்த வார்த்தை "சமூகக் காரணம்". ஆரம்ப சுகாதார நிலையங்களின் பதிவேடுகளில் அந்த இரண்டு சொல் மெல்லச் சேர்ந்துகொண்டே வந்தது. ஐ.ஏ.எஸ். அதிகாரி ஷீலா ராணி சுங்கத்தும் பொருளாதாரப் பேராசிரியர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அந்த நோட்டுகளைத்தான் எடுத்துக் கூட்டிப் பார்த்தார்கள். 1997-ல் எகனாமிக் அண்டு பொலிடிக்கல் வீக்லியில் அவர்கள் எழுதிய கட்டுரைதான், பெண்சிசுக் கொலை உசிலம்பட்டிக் கதை மட்டும் இல்லை, சேலம் தருமபுரி வரைக்கும் நீளுகிற பட்டை என்பதை எண்ணிக்கையோடு காட்டியது. எந்தப் பல்கலைக்கழகமும் ஆள் அனுப்பி எடுத்த தரவு இல்லை அது. சைக்கிளில் போன நர்சுகளின் கையெழுத்து. அந்தக் கூட்டலில் என் வரி இல்லை. நான் எழுதிய குழந்தை பால் புரையேறிச் செத்தவர்கள் பக்கம் போய்விட்டது.

அதன் பிறகு நடந்ததும் இந்தத் தருமபுரி மாவட்டத்துக் கதைதான். டென்மார்க் நிதியுதவியோடு நடந்த டானிடா திட்டத்தில் ஊர் ஊராகக் கலைப்பயணம் போனார்கள். பறை, பாட்டு, தெருக்கூத்து. ராத்திரி பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் முன்வரிசையில் மாமியார்கள் உட்கார்ந்து மூக்கைச் சிந்தியதை நான் பார்த்திருக்கிறேன். அதையும் ஷீலா ராணியும் ஆத்ரேயாவும் 2000-ல் எழுதினார்கள். 2001 கணக்கெடுப்பில் இப்போதைய தருமபுரி எல்லைக்குள் ஆறு வயது வரைக்கும் 1,000 ஆண் பிள்ளைக்கு 826 பெண் பிள்ளை, 2011-ல் 913. ரொம்பச் சந்தோஷப்பட்டுவிடாதே. கையில் தூக்கிப்போகிற ஸ்கேன் மிஷினை வீட்டுக்குள் வைத்து, வயிற்றில் ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்கிற கும்பல் பிடிபட்ட செய்தி இந்த மாவட்டத்திலிருந்து இன்றைக்கும் வருகிறது. பெண் என்றால் கலைத்துவிடுகிறார்கள், அந்தச் சாவுக்கு எந்த நோட்டிலும் கட்டம் கிடையாது.

இப்போது உன் டேப்பில் "இதர" என்று ஒரு பொத்தான் இருக்கிறது, கவனித்தேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் கால் வலிக்கும்போது அந்தப் பொத்தான் ரொம்ப இனிமையாக இருக்கும். நான் பயப்படுவது அதற்குத்தான்.

கேட்கிற விதம் பற்றி. மாமியார் இருக்கும்போது கேட்காதே என்று உனக்குப் பயிற்சியில் சொல்லியிருப்பார்கள். மாமியாரை எப்படிக் கிளப்புவது என்று சொல்லியிருக்க மாட்டார்கள். "அம்மா, ரேஷன் கார்டு கொஞ்சம் எடுத்தாங்க" என்று கேள். பெட்டியைத் திறந்து, துணியைக் கலைத்து, பை பையாக அவிழ்த்து எடுத்து வருவதற்குப் பத்து நிமிஷம் ஆகும். அதற்குள் முக்கியமான மூன்று கேள்வியைக் கேட்டுவிடலாம். இரண்டு பேர் போனால் இன்னும் சுலபம், ஒருத்தி மாமியாருக்கு பி.பி. பார்க்கட்டும்.

கேள்வித்தாளில் "கருப்பை வாய்வழி வெளியேற்றம்" என்று போட்டிருக்கிறார்கள். அதை வாசித்தால் உன்னைப் பஞ்சாயத்து ஆபீசிலிருந்து வந்தவள் என்று நினைப்பாள். "வெள்ளை படுதா?" என்று கேள். "முழுகாம இருந்தப்ப கால் வீங்குச்சா?" "பனிக்குடம் உடைஞ்சு எவ்வளவு நேரம் கழிச்சு வலி எடுத்துச்சு?" "அடி இறங்குதா?" இந்தக் கடைசிக் கேள்வி உன் தாளில் இல்லவே இல்லை. பிரசவம் முடிந்து பதினைந்தாம் நாள் களையெடுக்கப் போனவள், தலையில் குடமும் இடுப்பில் பிள்ளையுமாக நடந்தவள், எத்தனை பேர் கருப்பை கீழே இறங்கி, பழந்துணியை அடையாகக் கட்டிக்கொண்டு வேலை செய்கிறார்கள் தெரியுமா? செங்கல்பட்டுப் பக்கம் 1981-ல் கிராமத்துப் பெண்களே தொடங்கிய ருவ்செக் அமைப்பு இதை அந்தப் பெண்கள் வாயாலேயே சொல்லக் கேட்டு ஆய்வு செய்திருக்கிறது. கேட்டவர்களும் அதே மாதிரிக் கிராமத்துப் பெண்கள், அதனால்தான் பதில் வந்தது. உங்கள் ஆய்வு 15 முதல் 49 வயது வரைக்கும். அடி இறங்கினவர்களில் நிறையப்பேர் அந்த வயதைத் தாண்டியவர்கள். உங்கள் மேடத்திடம் சொல்லிப் பார்.

மகாராஷ்டிரத்துக் கட்சிரோலியில் டாக்டர் ராணி பங்க் இரண்டு ஊரில் 650 பெண்களைப் பரிசோதித்து 1989-ல் லான்செட் இதழில் எழுதினார். நூற்றுக்கு 92 பேருக்கு ஏதோ ஒரு பெண் நோய் இருந்தது. அதற்கு முன் ஒரு தடவையாவது டாக்டரிடம் காட்டியவர்கள் நூற்றுக்கு 8 பேர். அதுவரை உலகத்துக்குப் பெண்ணின் உடம்பு என்றால் கர்ப்பமும் குடும்பக் கட்டுப்பாடும்தான். எங்களுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். ஆபரேஷன் டார்கெட்டுக்கு ஆள் பிடித்துக்கொண்டு அலைந்த காலம்.

அளவு பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒரு பிரசவத்தில் நஞ்சுக்கொடி விழுந்த பிறகு உதிரம் நிற்கவில்லை. ஒரு பழஞ்சேலை நனைந்தது, இரண்டாவதும் நனைந்தது, மூன்றாவதைக் கிழித்து மடித்து வைத்தேன். நோட்டில் "உதிரப்போக்கு சற்று அதிகம்" என்று எழுதினேன். சற்று என்றால் எவ்வளவு? அவள் பிழைத்தாள், அன்றைக்கு ஜீப் டீசலோடு நின்றது என்பதால். கண்ணால் பார்த்துச் சொல்கிற அளவு பெரும்பாலும் நிஜத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும், துணி குடித்ததை யார் அளப்பது? கர்நாடகத்து பெல்காமில் ஒரு ஆய்வு நடந்தது. பெண்ணுக்கு அடியில் விரிக்கிற ஒரு பிளாஸ்டிக் விரிப்பு, அதன் நுனியில் அளவுக்கோடு போட்ட பை. 1,620 பெண்கள். பிரசவம் பார்த்தவர்கள் என்னைப் போன்ற துணை நர்சுகள். பாதிப்பேருக்கு மிசோப்ரோஸ்டால் மாத்திரை, பாதிப்பேருக்கு அதேபோல இருக்கும் வெறும் மாத்திரை. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கு அரை லிட்டருக்கு மேல் உதிரம் போனது, மருந்து சாப்பிட்டவர்களில் 6.4 பேருக்கு. 2006-ல் லான்செட்டில் வந்தது. அந்த மாதிரி அளவு விரிப்பே 2023-ல் ஆப்பிரிக்காவில் நாலு நாட்டு ஆஸ்பத்திரிகளில், அளவு தாண்டியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் தொடங்கும் முறையோடு சேர்ந்து, கடும் உதிரப்போக்கை 60 சதவீதம் குறைத்தது. "சற்று அதிகம்" என்பதை மில்லி லிட்டராக மாற்றியதுதான் அந்த விரிப்பின் மகிமை.

தாய் இறந்த வீட்டுக்கும் உன்னை அனுப்புவார்கள். தமிழ்நாட்டில் 1993-ல் உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைக்கு 380 தாய்மார் இறந்தார்கள், 2007-ல் 90, 2018-20 கணக்கில் 54. 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம், மூன்று ஸ்டாஃப் நர்ஸ், 108 வண்டி, எல்லாவற்றுக்கும் அதில் பங்கு உண்டு. ஒவ்வொரு சாவையும் எழுதி விசாரித்ததற்கும் உண்டு. கலெக்டர் நடத்தும் கூட்டத்துக்கு இறந்தவளின் வீட்டு ஆளையும் கூப்பிடுவார்கள். டாக்டர் "அதிக ரத்த அழுத்தம்" என்பார். அண்ணன்காரன் "ராத்திரி பத்து மணிக்கு வலி வந்துச்சு, மலையிலருந்து தூளி கட்டித் தூக்கிட்டு இறங்க விடிஞ்சிருச்சு" என்பான். இரண்டும் காரணம்தான். பென்னாகரம் பக்கம் கோட்டூர் மலைக்கு ஓட்டு மிஷின் கழுதை முதுகில் போனதைப் பேப்பரில் படித்திருப்பாய். அங்கே முழுகாமல் இருப்பவள் எதன் முதுகில் இறங்குவாள் என்பதையும் கேட்டு எழுது.

இதற்கு உன் தாளில் இடம் போதாது. ஓரத்தில் எழுது. டேப்பில் ஓரம் இல்லை என்பாய். அதற்காகத்தான் நோட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

ஒருநாள் லீவு போட்டுச் சித்தேரி மலைக்கும் கல்வராயனுக்கும் நடுவில் இருக்கிற சிட்டிலிங்கிக்குப் போய் வா. டாக்டர் லலிதாவும் டாக்டர் ரெஜியும் 1993-ல் ஒரு குடிசையில் தொடங்கினார்கள். அப்போது அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்த 1,000 குழந்தையில் 147 ஒரு வயதைப் பார்க்கவில்லை. மலைவாசிப் பெண்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களே பிரசவம் பார்த்து, அவர்களே கணக்கும் எழுதினார்கள். அந்தக் கணக்கில் "பால் புரையேறி" மாதிரிப் பொய் குறைவாக இருக்கும் என்று நினைக்கிறேன். அவரவர் வீட்டுச் சாவல்லவா.

கடைசியாக வயது. ஜாதகத்தில் ஒன்று, ஆதாரில் ஒன்று, உன்னைக் கண்டதும் ஒன்று. 18-க்குக் கீழே கர்ப்பம் என்று தெரிந்தால் போக்சோ சட்டப்படி தகவல் சொல்லியாக வேண்டும். சட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன், பதினைந்து வயதுப் பிள்ளைக்குப் பிரசவம் பார்த்த கை இது. ஆனால் கேஸுக்குப் பயந்து அந்தப் பிள்ளையை ஏழாம் மாசம் வரைக்கும் செக்கப்புக்கே கூட்டி வராமல் ஒளித்து வைக்கிறார்கள். அவள் உடம்பில் ரத்தம் எட்டுக்குக் கீழே இருப்பது யாருக்குத் தெரியும்? நீ வயதை 19 என்று மாற்றி எழுதி அவளுக்கு நல்லது செய்ததாக நினைக்காதே, அது என் "பால் புரையேறி"க்குத் தங்கச்சி. அதற்காகச் சட்டென்று வயதைக் கேட்டு மாட்டியும் விடாதே. பதில் சொன்னால் நீ என்ன செய்யக் கடமைப்பட்டவள் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டுக் கேள். அதற்கு உங்கள் ஆபீஸில் என்ன முடிவு என்பதை, வீட்டுப்படி ஏறுவதற்கு முன்னால் எழுத்தில் வாங்கிக்கொள்.

நீ அனுப்பிய ஊர்ப் பட்டியலில், நான் பெயர் வேண்டாம் என்ற அந்த ஊரும் இருக்கிறது கயல். ஒன்பதாவது பெயர். தெருக்கோடியில் வேப்பமரத்து வீடு. அவளுக்கு இப்போது 60 நெருங்கியிருக்கும், உங்கள் கணக்கில் வரமாட்டாள். மாமியார் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஒன்றும் கேட்காதே, என் பெயரையும் சொல்ல வேண்டாம். வெயிலில் வந்தவள் என்று தண்ணி கேட்டு வாங்கிக் குடி. அந்த ஊருக்குச் சாயங்கால பஸ் ஒன்றுதான், அதை விட்டுவிடாதே.

உன்,
பெரியம்மா