நடு எஞ்சின் நகல் கார்களுக்கு டிரான்ஸ்ஆக்ஸில் தேர்தலும் பொருத்துதலும்

மோட்டார் காரின் எஞ்சின் முன்புறத்தே அமைந்து, அதன் சக்தி நீண்ட தண்டு ஒன்றின் வழியாகப் பின் சக்கரங்களை அடைவதே நெடுங்காலம் வழக்கிலிருந்த அமைப்பாகும். இதில் கியர்ப் பெட்டி வேறு. பின் அச்சிலுள்ள டிஃபரென்ஷியல் வேறு. ஆனால் ஓட்டுநருக்குப் பின்னும் பின் அச்சுக்கு முன்னுமாக எஞ்சினை வைக்கும் கார்களில் அத்தகைய தண்டுக்கு இடமில்லை. ஆதலின், கியர்ப் பெட்டியையும் டிஃபரென்ஷியலையும் ஒரே உறைக்குள் அடக்கிய 'டிரான்ஸ்ஆக்ஸில்' என்னும் தொகுதி இங்கு இன்றியமையாததாகிறது.

புகழ்பெற்ற பழைய பந்தயக் கார்களின் உருவத்தை ஒட்டிப் புதிதாகக் கட்டப்படும் நகல் கார்கள் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பல உள்ளன. அவற்றுள் ஃபோர்டு ஜிடி40 காரின் நகல்கள் முக்கியமானவை. இக்காருக்கு வேண்டிய எட்டு சிலிண்டர் எஞ்சின் எளிதில் கிடைக்கும். கண்ணாடி இழையாலான மேலுடலையும் செய்துகொள்ளலாம். மூலக் காரிலிருந்த டிரான்ஸ்ஆக்ஸிலோ அரியது, விலை மிக்கது. எனவே வேறொரு காரின் டிரான்ஸ்ஆக்ஸிலை எடுத்துப் பொருத்த வேண்டியிருக்கிறது. எதைத் தேர்வது, எவ்வாறு மாற்றியமைப்பது என்னும் கேள்விகளுக்கு விடை காண்பது, இயந்திரவியலின் அடிப்படைப் பாடங்கள் பலவற்றை ஒருங்கே கற்பதற்கு ஒப்பாகும்.

வரலாறு தரும் பாடம்

1964-ஆம் ஆண்டு லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் ஃபோர்டு ஜிடி கார்கள் மூன்று கலந்துகொண்டன. மூன்றும் இறுதிவரை ஓடவில்லை. ஒன்று தீப்பற்றியது, மற்ற இரண்டும் கியர்ப் பெட்டிக் கோளாறினால் விலகின. அவற்றிலிருந்தவை நான்கு கியர் கொண்ட கொலோட்டி பெட்டிகள். பின்னர் இசட்எஃப் நிறுவனத்தின் ஐந்து கியர்ப் பெட்டியாகிய 5டிஎஸ்-25 அவ்விடத்தைப் பெற்றது. 7 லிட்டர் எஞ்சினைப் பொருத்தியபோது, ஃபோர்டு நிறுவனம் டி-44 என்னும் நான்கு கியர்ப் பெட்டியைத் தானே செய்துகொண்டது. 1966 முதல் 1969 வரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து இவ்வரிசைக் கார்கள் லே மானில் வெற்றி பெற்றன. எஞ்சின் வலிமை மட்டும் போதாது, அவ்வலிமையைத் தாங்கிச் சக்கரங்களுக்குக் கடத்தும் பெட்டியும் அதற்கு ஈடாக இருத்தல் வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

பிற கார்களின் பெட்டியை மாற்றியமைப்பது புதிய வழக்கமும் அன்று. 1959-ஆம் ஆண்டில் உலகப் பட்டம் வென்ற கூப்பர் பந்தயக் கார்களின் கியர்ப் பெட்டி, முன் சக்கர இயக்கம் கொண்ட சித்ரோவன் காரின் பெட்டியிலிருந்து வளர்ந்ததேயாகும்.

முதற் சோதனை: சுழலும் திசை

தேர்வில் முதலில் நோக்க வேண்டியது, மூலக் காரில் எஞ்சின் அச்சுக்கு முன்னே இருந்ததா, பின்னே இருந்ததா என்பதே. நடு எஞ்சின் காரில் எஞ்சின் அச்சுக்கு முன்னும் கியர்ப் பெட்டி அச்சுக்குப் பின்னும் அமைகின்றன. மூலக் காரிலும் அவ்வாறே இருந்தால் திசை மாறாது.

முன் சக்கர இயக்கம் கொண்ட ஆடி, ரெனோ 25 ஆகிய கார்களில் எஞ்சின் முன் அச்சுக்கும் முன்னே நீளவாட்டில் கிடக்கிறது. பெட்டி அதன் பின்னே உள்ளது. இத்தொகுதியை அப்படியே பின் அச்சுக்கு நகர்த்தினால் நடு எஞ்சின் அமைப்பு கிட்டிவிடும். ரெனோவின் யுஎன்1 பெட்டி ஜிடி40 நகல்களில் மிகுதியாக இடம்பெற்றமைக்கு இது ஒரு காரணம். 1996-இல் வெளிவந்த போர்ஷ் பாக்ஸ்டர் தானே நடு எஞ்சின் காராதலால், அதன் பெட்டியிலும் இச்சிக்கல் இல்லை.

வோக்ஸ்வாகன் பீட்டில், போர்ஷ் 911 ஆகியவற்றில் எஞ்சின் பின் அச்சுக்கும் பின்னே தொங்குகிறது. பெட்டி முன்னே உள்ளது. இத்தொகுதியை நடு எஞ்சினுக்காக முன்பின்னாகத் திருப்பி வைத்தால், முன்னோக்கிச் செல்ல வேண்டிய கியர்கள் யாவும் காரைப் பின்னோக்கிச் செலுத்தும். பின்னோக்கும் கியர் ஒன்றே முன்னோக்கிச் செலுத்தும். இக்குறையை நீக்க இரு வழிகள் உண்டு.

ஒன்று, கிரவுன் சக்கரத்தைப் பினியனின் மறுபக்கத்திற்கு மாற்றுதல். பீட்டில் பெட்டியில் இது வழக்கமாகச் செய்யப்படுகிறது. மாற்றிய பின்னர்ப் பற்களிடை இடைவெளியையும் பேரிங்குகளின் இறுக்கத்தையும் மீண்டும் அளந்து, தகுந்த ஷிம் தகடுகளை இட்டுச் சரிசெய்தல் வேண்டும். பற்களில் வண்ணமை பூசிச் சுழற்றி, பல்லின் நடுப்பகுதியில் தொடுதல் படிகிறதா எனக் காண்பது இறுதிச் சோதனையாகும்.

மற்றொன்று, பெட்டி முழுவதையும் தலைகீழாகக் கவிழ்த்தல். பினியனின் அச்சும் கிரவுன் சக்கரத்தின் அச்சும் ஒன்றையொன்று வெட்டாமல் சற்று விலகிச் செல்லும் 'ஹைபாய்டு' பற்சக்கரங்களில் இவ்வழியே பொருந்தும். அவற்றின் கிரவுன் சக்கரத்தை மறுபக்கம் வைத்தால், விலகல் தவறான திசையில் அமைந்து பற்கள் முறையாகப் பொருந்தா. கவிழ்த்த பெட்டியில் எண்ணெய் நிற்கும் மட்டம், எண்ணெய் வடிக்கும் துளை, காற்றுப்போக்கி ஆகியவை இடம் மாறுகின்றன. மேலிருந்த பேரிங்கு கீழே மூழ்கும். கீழே மூழ்கியிருந்தது உலர்ந்து போகும். உலரும் பேரிங்கிற்கு எண்ணெய் செல்ல வழி செய்யாமல் ஓட்டினால் அது விரைவில் அழியும்.

எஞ்சினையே எதிர்த்திசையில் சுழலச் செய்யலாமே எனச் சிலர் நினைக்கக்கூடும். அதற்குக் கேம் தண்டு முதலிய உறுப்புகளை மாற்ற வேண்டும். அன்றியும் பற்களின் மறுமுகத்தில் சுமை விழும். அம்முகம் இடையறாத சுமைக்கென அமைந்ததன்று.

இரண்டாம் சோதனை: முறுக்குவிசை

எஞ்சினின் முறுக்குவிசை 407 நியூட்டன்-மீட்டர் எனக் கொள்வோம். முதற் கியரின் விகிதம் 2.5, இறுதி விகிதம் 4 எனில் மொத்தம் 10. உராய்வை நீக்கிப் பார்த்தால் சக்கரங்களில் 4,070 நியூட்டன்-மீட்டர் கிடைத்தல் வேண்டும். ஆனால் அவ்வளவையும் டயர் தரையில் ஊன்றித் தாங்குமா?

காரின் நிறை 1,100 கிலோகிராம். அதில் 60 விழுக்காடு பின் சக்கரங்களின் மேல் உள்ளது. சக்கர இடைத்தூரம் 2.41 மீட்டர்; ஈர்ப்பு மையத்தின் உயரம் 0.45 மீட்டர்; டயரின் ஆரம் 0.32 மீட்டர், உராய்வுக் கெழு 1 எனக் கொள்வோம். நின்ற நிலையில் பின் சக்கரங்களின் மேலுள்ள எடை ஏறத்தாழ 6,475 நியூட்டன். வேகம் கூடும்போது எடையின் ஒரு பகுதி பின்னே சாய்வதையும் சேர்த்தால், டயர் தரக்கூடிய உந்துவிசை ஏறத்தாழ 7,960 நியூட்டன். ஆரத்தால் பெருக்க, 2,550 நியூட்டன்-மீட்டர் ஆகிறது. இதற்கு மேல் டயர் வழுக்கும். முதற் கியரில் பெட்டியின் சுமைக்கு டயரே எல்லை வகுக்கிறது என்பது இதனால் விளங்கும்.

இனி, மென்மையான பந்தய டயர்களைப் பொருத்தியமையால் உராய்வுக் கெழு 1.3 ஆகிறது எனில், எல்லை ஏறத்தாழ 3,555 நியூட்டன்-மீட்டருக்கு உயர்கிறது. எஞ்சினில் எம்மாற்றமும் செய்யாமலே கிரவுன் சக்கரத்தின் சுமை ஏறத்தாழ 40 விழுக்காடு கூடிவிடுகிறது! பழைய டயரில் நெடுநாள் உழைத்த பெட்டி புதிய டயரில் பல் முறிவதற்குக் காரணம் இதுவே. கிளச்சைத் திடீரென விடுவதால் நேரும் அதிர்ச்சிச் சுமை இதற்கும் மேற்பட்டது.

மேல் கியர்களில் நிலைமை வேறு. அங்கு டயர் வழுக்குவதில்லை. எஞ்சினின் முறுக்குவிசை முழுவதும் பெட்டியினூடே நெடுநேரம் செல்கிறது. 150 கிலோவாட் சக்தி கடந்து செல்லும்போது அதில் 3 விழுக்காடு இழப்பாகிறது எனக் கொண்டால், 4.5 கிலோவாட் வெப்பம் எண்ணெயில் சேரும். மூலக் காரின் முன்புறத்தில் காற்றோட்டத்திலிருந்த பெட்டி, இங்கே எஞ்சினின் பின்னே புகைபோக்கிக் குழாய்களுக்கு அருகில் கிடக்கிறது. எனவே தனி எண்ணெய்க் குளிர்விப்பி தேவையாகலாம்.

மூன்றாம் சோதனை: கியர் விகிதங்கள்

கியர் ஒவ்வொன்றிலும் செல்லக்கூடிய வேகத்தைக் கீழ்வரும் வாய்பாட்டினால் அறியலாம்.

வேகம் (மணிக்குக் கிலோமீட்டர்) = 0.377 × டயர் ஆரம் (மீட்டர்) × நிமிடச் சுற்றுகள் ÷ மொத்த விகிதம்

சிறு எஞ்சின் கொண்ட கனத்த காரின் பெட்டியில் முதற் கியர் 3.5, ஐந்தாம் கியர் 0.8, இறுதி விகிதம் 4.1 என இருப்பதாகக் கொள்வோம். நிமிடத்திற்கு 6,000 சுற்றுகளில் முதற் கியரின் வேகம் 50 கிலோமீட்டர். ஐந்தாம் கியரின் வேகம் 221 கிலோமீட்டர். முதற் கியரில் சக்கரத்திற்கு வரக்கூடிய முறுக்குவிசை டயரின் எல்லையைப் போல் இரு மடங்குக்கும் மேற்படும். அக்கியர் புறப்பட்ட உடனேயே பயனற்றதாகிவிடும். இறுதி விகிதத்தை 3.4 ஆக்கினால் முதற் கியரின் வேகம் 61 ஆகவும், ஐந்தாம் கியரின் வேகம் 266 ஆகவும் உயரும். ஆகவே, பெட்டியை வாங்கும் முன்னரே அதற்கு வேறு இறுதி விகிதமுள்ள கிரவுன்-பினியன் தொகுதி கிடைக்குமா என விசாரித்தல் நன்று.

எஞ்சினோடு இணைத்தல்

எஞ்சினின் பின்முகமும் பெட்டியின் முன்முகமும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. இடையே ஓர் இணைப்புத் தகடு வேண்டும். இதில் கவனிக்க வேண்டியவை பின்வருவன:

1. கிராங்குத் தண்டின் மையமும் பெட்டியின் உள்ளீட்டுத் தண்டின் மையமும் ஒரே கோட்டில் இருத்தல் வேண்டும். டயல் கேஜைக் கிராங்குத் தண்டோடு இணைத்து ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்கையில், முள்ளின் மொத்த அசைவு 0.13 மில்லிமீட்டருக்குள் அடங்குவது பணிமனை வழக்கம். மைய விலகல் இவ்வளவில் பாதி என்பதை மாணாக்கர் மறத்தலாகாது. பிழை மிகுந்தால் பைலட் பேரிங்கும் உள்ளீட்டுத் தண்டும் தேய்ந்து அழியும்.

2. கிளச்சுத் தட்டின் நடுத்துளை பெட்டித் தண்டின் ஸ்ப்ளைன் வரிகளுக்கும், அதன் விட்டம் எஞ்சினின் ஃபிளைவீலுக்கும் பொருந்துதல் வேண்டும்.

3. தகட்டின் தடிப்பினால் உள்ளீட்டுத் தண்டு பின்னடைகிறது. அதன் முனை பைலட் பேரிங்கினுள் போதிய ஆழம் செல்கிறதா என அளத்தல் வேண்டும்.

4. ஸ்டார்ட்டர் மோட்டாரின் பல் ஃபிளைவீலின் பற்களோடு சரியாகக் கூடுகிறதா, மோட்டாருக்கு இடம் உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும்.

தண்டுகளும் கியர்க் கோலும்

பெட்டியின் வெளியீட்டுத் தண்டும் சக்கர மையமும் ஏறத்தாழ ஒரே உயரத்தில் இருத்தல் நலம். 400 மில்லிமீட்டர் நீளமுள்ள பக்கத்தண்டின் இரு முனைகளுக்கிடையே 50 மில்லிமீட்டர் உயர வேறுபாடு இருந்தால், சி.வி. மூட்டுகள் 7 பாகைக்கு மேல் சாய்ந்தே எப்போதும் சுழலும். சக்கரம் மேலும் கீழும் ஏறி இறங்குவது இதற்கு மேலும் கூடும்.

கியர்க் கோல் ஓட்டுநரின் பக்கத்தில் இருக்க, பெட்டியின் தேர்வுத் தண்டு காரின் கடைசியில் இருக்கிறது. இடையே எஞ்சின் கிடக்கிறது. தண்டுகளாலோ கேபிள்களாலோ இரண்டையும் இணைக்கலாம். பெட்டியைக் கவிழ்த்தாலோ திருப்பினாலோ கியர்களின் வரிசை இடவலமாக மாறக்கூடும். இணைப்பில் ஒரு நெம்புகோலை இடையிட்டு அதனைச் சரிசெய்ய வேண்டும். இரண்டாம் கியரென எண்ணி நான்காவதையும், ஐந்தாவதென எண்ணி மூன்றாவதையும் போட நேர்ந்தால் விபத்துக்கே இடமாகும்.

நான்கு சக்கர இயக்கப் பெட்டிகள்

ஆடி குவாட்ரோ போன்ற கார்களின் பெட்டியில், சக்தியை முன்பின் அச்சுகளுக்குப் பங்கிடும் நடு டிஃபரென்ஷியல் ஒன்று உண்டு. பின் தண்டை வெறுமனே கழற்றிவிட்டால், சக்தி அச்சைச் சரிவரச் சேராமல் சுமையற்ற பக்கத்தின் வழியே வீணாகும். எனவே நடு டிஃபரென்ஷியலைச் சுழலாதபடி பூட்டிவிட்டு, பின்வாயிலை மூடுதல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

திசை மாற்றத்தை விளக்க விலை மிக்க கருவி வேண்டியதில்லை. தச்சர் வைத்திருக்கும் கைத்துளைக் கருவியில் பெரிய சக்கரம் கிரவுன் சக்கரமாகவும், துளையலகைப் பிடிக்கும் பகுதி பினியனாகவும் அமைந்துள்ளன. அலகை வலஞ்சுழியாகத் திருப்பி, பெரிய சக்கரம் சுழலும் திசையைக் குறித்துக்கொள்க. கருவியை அலகின் அச்சைச் சுற்றி அரைச் சுற்றுத் திருப்பிப் பிடித்து, அலகை முன்போலவே சுழற்றுக. நின்ற இடத்திலிருந்து நோக்குவோர்க்குப் பெரிய சக்கரம் இப்போது எதிர்த்திசையில் சுழலும். கவிழ்த்த பெட்டியின் தத்துவம் இதில் முழுவதும் அடங்கியுள்ளது.

இந்தியாவில் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களினின்று மாறுபடும் வண்ணம் வாகனத்தை மாற்றுவதைப் பொதுவாகத் தடை செய்கிறது என்பதையும் மாணாக்கர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். பணிமனைப் பயிற்சி வேறு. பொதுச் சாலை வேறு.

பயிற்சி வினாக்கள்

1. எஞ்சின் பின் அச்சுக்குப் பின்னே உள்ள காரின் பெட்டியை நடு எஞ்சின் காரில் பொருத்தும்போது நேரும் குறை யாது? அதனை நீக்கும் இரு வழிகளை விளக்குக.

2. ஹைபாய்டு பெட்டியில் கிரவுன் சக்கரத்தை மட்டும் மறுபக்கம் மாற்றுதல் ஏன் தகாது?

3. டயர் ஆரம் 0.30 மீட்டர், மொத்த விகிதம் 3, நிமிடச் சுற்றுகள் 5,000 எனில் வேகம் யாது? (விடை: மணிக்கு 188.5 கிலோமீட்டர்)