கேசட்டைச் சுருக்கும் முன் தாளத்தைக் கேளுங்கள்

வில்லியனூர் திருக்காமீசுவரர் கோயில் தேருக்குப் போனபோது பதிந்த நாதஸ்வர கேசட் பரணில் கிடக்கிறதா? கம்ப்யூட்டரில் ஏற்றும்போது முதலில் வேவ் ஃபைலாகவே பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 600 எம்.பி.க்குக் கொஞ்சம் மேலே பிடிக்கும். பிறகு அதை ஃபிளாக்காக மாற்றினால் ஏறக்குறைய பாதி இடம் போதும். ஒலியில் ஒரு துளியும் குறையாது. அதுதான் உங்கள் மூலப்பிரதி, அழிக்காதீர்கள்.

போனுக்கும் பென்டிரைவுக்கும் எம்பி3 போதும். எத்தனை கே.பி.பி.எஸ். வைப்பது? நாதஸ்வரத்தையோ தவிலையோ வைத்து முடிவு செய்யாதீர்கள். கூடவே கணீரென்று ஒலிக்கும் தாளத்தைக் கவனியுங்கள். 96-இல் அது தண்ணீருக்குள் தட்டியதுபோல் குழையும். 128-இலும் கூர்ந்து கேட்டால் தெரியும். 192-க்கு மேல் என் காதுக்கு வித்தியாசம் பிடிபடுவதில்லை. ‘வேரியபிள்’ என்ற வசதி இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். சிக்கலான இடத்துக்கு அதிகம், அமைதியான இடத்துக்குக் குறைவு என்று அதுவே பிரித்துக்கொள்ளும். தாத்தா பேச்சு, கதாகாலட்சேபம் போன்றவற்றுக்கு மோனோவில் 64 தாராளம்.

128-இல் வந்த பாட்டை 320-ஆக மாற்றித் தருவதாக யாராவது சொன்னால் காசு கொடுக்காதீர்கள். ஃபைல்தான் பெருக்கும், போன ஒலி வராது. சில பழைய கார் பிளேயர்களில் ஃபிளாக் ஓடாது. ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு மற்றதை ஏற்றுங்கள்.