சீட்டைக் கழற்றாமல் மேட் போடாதீங்க!



கடன் வாங்கி மாடு பிடிக்கப் போனால் என்ன செய்வோம்? பல்லைப் பார்ப்போம், மடியைத் தடவிப் பார்ப்போம், நாலடி நடக்க விட்டுப் பார்ப்போம். ஆனால் குழுக் கடனில் பழைய லோடு வண்டி வாங்கும்போது மட்டும் பெயிண்டையும் டயரையும் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். இந்த மாதப் பாடம் வண்டியின் தரையைப் பற்றியது. அதாவது, ஏறி உட்கார்ந்தால் நாம் கால் வைக்கும் இடம். இது ஆம்பளைங்க சமாச்சாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். தவணை கட்டுவது நாம்தானே!

மணிமங்கலம் பக்கத்தில் ஒரு குழு. கீரை, வெண்டை, கத்தரி எல்லாம் விடியற்காலையில் தாம்பரம் மார்க்கெட்டுக்குக் கொண்டு போவார்கள. வாடகை வண்டிக்குக் கொடுத்துக் கட்டுப்படியாகாமல் 2024-ல் ஒரு பழைய பிக்-அப் வண்டி வாங்கினார்கள். குட்டி யானை இல்லை, முன்னால் பானெட் வைத்த பெரிய வகை. ஒரு உறுப்பினரின் மகன்தான் டிரைவர். முதல் மழை பெய்ததும் வண்டிக்குள் ஊறப்போட்ட சாக்கு நாற்றம் அடிக்க ஆரம்பித்தது. ஊதுபத்தி கொளுத்தினார்கள், எலுமிச்சம்பழம் வைத்தார்கள். போகவில்லை.

சீட் கவர் கடைக்காரர் வந்து பார்த்தார். "அரை மணி நேர வேலைக்கா. பழசு மேலயே புது மேட்டிங் ஒட்டிடலாம். சீட்டெல்லாம் கழட்ட வேணாம்" என்றார். உண்மையைச் சொன்னால், ஆய்வுக்குப் போயிருந்த எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆனால் குழுவின் பொருளாளர் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "அடியில என்ன இருக்குன்னே தெரியல. கரையான் அரிச்ச கட்டைக்குப் பெயிண்ட் அடிக்கிற கதையா இருக்கே மேடம்" என்றார். தீர்மானப் புத்தகத்தில் எழுதி, தெரிந்த மெக்கானிக் ஷெட்டில் வண்டியை விட்டார்கள். நாங்கள் நாலு பேர் கூடவே நின்றோம்.

டிரைவர் சீட்டைத் தூக்கி மேட்டைச் சுருட்டியதும் பார்த்தால், அடியில் இருந்த பஞ்சு முழுக்க நைசான வண்டல். ஏரி மண் மாதிரி, விரலில் ஒட்டுகிற வண்டல். சீட் போல்ட் இருந்த ஒரு மூலையில் தகரம் துருப்பிடித்துப் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்த ஓட்டை வழியாகக் கீழே ஷெட்டின் தரை தெரிந்தது. "திடீர்னு பிரேக் அடிச்சா சீட்டு தம்பியோட சேர்ந்து முன்னாடி வந்திருக்கும்" என்றார் மெக்கானிக். தம்பியின் அம்மா அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வண்டல் எப்படி வந்தது? நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2015 டிசம்பர் 2 காலை வரையான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 செ.மீ. மழை. மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரித் தண்ணீர் அடையாற்றில் சேர்ந்து முடிச்சூர், வரதராஜபுரம் வழியாகத்தான் போக வேண்டும். அந்தப் பகுதி அப்போது மூழ்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மறுபடியும் தண்ணீர் புகுந்தது. வாசலில் நின்ற வண்டிகள் என்னவாகும்? தண்ணீர் வடிந்ததும் கழுவி, பாலிஷ் போட்டு, புது மேட் விரித்து விற்றுவிட்டால் வாங்குபவருக்கு எப்படித் தெரியும்? எங்கள் வண்டி எந்த வெள்ளத்தில் நனைந்தது என்று சொல்லத் தெரியவில்லை. ஏதோ ஒன்றில் நனைந்திருக்கிறது, அவ்வளவுதான்.

மேட்டுக்கு அடியில் இருக்கும் பஞ்சு, பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச் மாதிரி. ஒரு தடவை குடித்த தண்ணீரைச் சீக்கிரம் விடாது. மேலே மேட் மூடியிருப்பதால் வெயிலும் காற்றும் படாது. இரும்புக்கு ஈரமும் கொஞ்சம் காற்றும் போதும், துரு உள்ளுக்குள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும். அதன் மேல் இன்னொரு மேட் ஒட்டினால் துருவுக்குப் போர்வை போர்த்தின மாதிரிதான்.

சரி, வேலை எப்படி நடக்க வேண்டும்? நாம் ஸ்பேனர் பிடிக்க வேண்டாம். கூட நின்று பார்க்கத் தெரிந்தால் போதும்.

முதலில் வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைக்கணும். பேட்டரியில் மைனஸ் ஒயரைக் கழற்றி வைக்கணும். ஏர்பேக் உள்ள புது வகை வண்டி என்றால் சீட்டுக்கு அடியில் மஞ்சள் நிற ஒயர் இருக்கலாம். அதை விவரம் தெரிந்த மெக்கானிக் தவிர வேறு யாரும் தொடக் கூடாது. சீட்டைப் பின்னால் தள்ளினால் முன் போல்ட்டுகள் தெரியும், முன்னால் தள்ளினால் பின் போல்ட்டுகள் தெரியும். பழைய வண்டியில் அவை துருப்பிடித்து இறுகியிருக்கும். முந்தின நாள் ராத்திரியே துருவிடும் எண்ணெய் விட்டு ஊற வைக்கச் சொல்லுங்கள். அவசரப்பட்டு முறுக்கினால், தரைக்கு அடியில் வெல்டிங் செய்திருக்கும் நட்டு பிய்ந்துகொண்டு போல்ட்டோடு சேர்ந்து சுற்றும். அரை நாள் வேலை இரண்டு நாளாகிவிடும்.

கழற்றிய போல்ட்டுகளைத் தனித்தனி கவரில் போட்டு, எந்த இடத்துப் போல்ட் என்று எழுதி வையுங்கள். கழற்றும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்வது இன்னும் நல்லது. பிறகு கதவடிப் பட்டை, கியர் கம்பியைச் சுற்றியுள்ள ரப்பர், சீட் பெல்ட்டின் கீழ்ப் போல்ட் எல்லாம் எடுத்தால்தான் மேட் வெளியே வரும். பழைய மேட்டைக் கிழிக்காமல் முழுசாக எடுக்கணும். ஜாக்கெட் தைக்க அளவு ஜாக்கெட் கொடுக்கிறோம் இல்லையா, புது மேட் வெட்ட அதுதான் அளவு. பூஞ்சை பிடித்த பஞ்சைச் சுரண்டும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள்.

இப்போதுதான் முக்கியமான இடம். தரையை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே வரணும். நல்ல தகரம் கணீரென்று சத்தம் கொடுக்கும், துரு தின்ற இடம் மொத்தென்று கேட்கும். மேலாகப் பிடித்த துரு என்றால் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயிண்ட் அடித்தால் போதும். ஓட்டை என்றால் டிங்கரிடம்தான் போகணும். அரித்த பகுதியை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்வார். எம்-சீல் அப்பி மூடுவது, தார் ஷீட் ஒட்டுவது எல்லாம் கண்ணை மறைக்கும் வேலை. அதுவும் சீட் போல்ட், சீட் பெல்ட் போல்ட் இருக்கும் இடத்தில் கூடவே கூடாது. வெல்டிங் செய்யும் முன், தரைக்குக் கீழே டீசல் குழாயோ பிரேக் குழாயோ ஒயரோ போகிறதா என்று குனிந்து பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீர் எங்கிருந்து உள்ளே வருகிறது என்று கண்டுபிடிக்காமல் புது மேட் போட்டால் அடுத்த மழையில் அதே நாற்றம்தான். ஒருவர் உள்ளே டார்ச் லைட்டோடு உட்காரணும், இன்னொருவர் வெளியே இருந்து குழாய்த் தண்ணீர் அடிக்கணும். எங்கள் வண்டியில் கண்ணாடிக்குக் கீழே தண்ணீர் வடியும் ஓட்டையில் புளிய இலை அடைத்திருந்தது. எடுத்துவிட்டால் சரி, காசே இல்லாத வைத்தியம். கதவின் அடி ஓட்டை அடைத்திருந்தாலும், முன் கண்ணாடி ரப்பர் வெடித்திருந்தாலும் இப்படித்தான் உள்ளே வரும். தரையில் உள்ள வட்ட ரப்பர் மூடிகள் கழன்றிருந்தால் கீழிருந்தும் தண்ணீர் ஏறும்.

பிறகு வெயிலில் கதவைத் திறந்து போட்டு இரண்டு மூன்று நாள் காய விடணும். சவாரி போகுதே என்று மனசு அடித்துக்கொள்ளும், எனக்கும் தெரியும். ஆனால் ஈரத்தின் மேல் மேட் போடுவதற்குச் சும்மா இருக்கலாம்.

புது மேட் எது வாங்குவது? காய்கறி, சேறு, ஈரக்கால் என்று ஏறி இறங்கும் வண்டிக்கு மெத்தென்ற கார்பெட் வேண்டாம் என்பது என் கருத்து. துடைக்கிற மாதிரி கெட்டியான ரப்பர் அல்லது ரெக்சின் மேட் போதும். என்ஜின் சூடும் சத்தமும் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும், பரவாயில்லை. வாங்கியதை வெயிலில் அரை மணி நேரம் விரித்து வைத்தால் இளகி, மேடு பள்ளத்தில் படிந்து உட்காரும். போல்ட் ஓட்டைகளை முதலில் சின்னதாக வெட்டணும், பிறகு பெரிதாக்கிக்கொள்ளலாம். பெடலுக்குக் கீழே மட்டும் ஒரு சுருக்கம், ஒரு மடிப்புகூட இருக்கக் கூடாது. மேட்டில் ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டால் கால் எடுத்தாலும் வண்டி நிற்காது. மூன்று பெடலையும் கடைசி வரை மிதித்து விட்டுப் பாருங்கள்.

இனி வண்டி வாங்கப் போகும் குழுக்களுக்கு: அட்வான்ஸுக்கு முன்னால் கதவோர மேட்டின் நுனியைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால் வேறு வண்டி பாருங்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால், தண்ணீர் நின்ற கறை அதில் கோடாகத் தெரியலாம். சீட்டுக்கு அடியில் உள்ள ஸ்பிரிங், தண்டவாளப் பட்டை எல்லாம் துருவா என்று கைவிட்டுத் தடவுங்கள். முழு இன்சூரன்ஸ் உள்ள வண்டி என்றால் பாலிசியில் 'நோ கிளெய்ம் போனஸ்' என்ற இடத்தைப் பாருங்கள். வெகு நாள் ஓடிய வண்டிக்கு அது பூஜ்ஜியம் என்றால், போன வருஷம் கிளெய்ம் ஏதாவது வாங்கினீர்களா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

எங்கள் வண்டிக்கு டிங்கர் வேலை முடிந்து சீட் மாட்டிய அன்று சாயங்காலம், மெக்கானிக் சாவியைக் கொடுத்துவிட்டார். எல்லோரும் டீ குடித்துக்கொண்டிருந்தோம். பொருளாளர் அக்கா மட்டும் கவர்களை ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தார். ஒன்றிலிருந்து ஒரு போல்ட் விழுந்தது. "அண்ணே, இது எந்த இடத்துது?" மெக்கானிக் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தார். டிரைவர் பக்கத்து சீட் பெல்ட்டின் கீழ்ப் போல்ட். டீயை வைத்துவிட்டு மறுபடியும் சீட்டைப் பின்னால் தள்ளினார்.