சோளகமும் எங்கள் காணியும்

ஓலைத்தொடுவாயில் எங்களுக்கு ஒரு துண்டுக் காணி உண்டு. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது உம்மம்மா அதை விட்டுவிட்டுத் தோணியேறிக் கற்பிட்டிக்குப் போனார். 2009இல் யுத்தம் முடிந்து பல வருடங்களின் பின்தான் வாப்பா அங்கே வீடு கட்ட முடிவெடுத்தார். முதல் வேலை, பெக்கோ பிடித்துக் காணியைத் துப்புரவாக்குவது. அதே வாரம் எங்கள் வகுப்பில் மண்ணரிப்புப் பாடம் நடந்தது.

மண்ணரிப்பு என்றதும் மலைநாட்டுச் சரிவும் மழைவெள்ளமும்தான் நினைவுக்கு வரும். மன்னார்த் தீவில் சரிவு ஏது? இங்கே அரிப்பது காற்று. மே முதல் செப்டெம்பர் வரை மழையில்லாமல் வீசும் சோளகம். காய்ந்த மணல் உயரப் பறப்பதில்லை. துள்ளித் துள்ளிப் போகிறது, பெரும்பாலும் முழங்கால் உயரத்துக்குள். விழும் துணிக்கை அடுத்ததைக் கிளப்பிவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் நகரும் மணல் ஏறத்தாழ எட்டு மடங்காகும். பக்னோல்ட் என்ற பிரித்தானியப் பொறியியலாளர் அளந்து பார்த்து 1941இல் நூலாக வெளியிட்ட கணக்கு இது. அதைத் திருப்பிப் பார்ப்பதில்தான் நமக்குப் பயன்: நிலத்தை ஒட்டிய காற்றைப் பாதியாக்கினால் மணல் பெரும்பாலும் நின்றுவிடும். அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் வடலியும் செய்வது அதைத்தான்.

ஆட்கள் கூடினால் மண் அழியும், குறைந்தால் பிழைக்கும் என்று நானும் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அது அவ்வளவு நேரான கணக்கல்ல. அமெரிக்கச் சமவெளியில் புல்லை உழுது கோதுமை விதைத்தார்கள். 1930களில் மழை பொய்த்ததும் மண் புயலாக எழுந்தது. ஆனால் கென்யாவின் மச்சாகொஸில் 1930களுக்கும் 1990க்கும் இடையில் சனத்தொகை ஐந்து மடங்குக்கு மேல் பெருகியும் அரிப்பு குறைந்தது. கைகள் கூடியதால் சரிவுகளில் படிவரம்பு வெட்ட முடிந்தது. மத்தியதரைக்கடல் ஓர மலைகளில் இதற்கு மறுதலை: ஆட்கள் நகரத்துக்குப் போக, பார்ப்பாரற்ற கல்வரம்புகள் இடிந்து மண் வழிந்தது.

எங்கள் காணியில் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே நடந்திருந்தன. வேலி போய், கிணறு மணலால் தூர்ந்திருந்தது. தென்மேற்கு மூலையிலோ யாரும் நடாத வடலிகளும் உடைமரங்களும் அடர்ந்து, மணலைப் பிடித்து மேடாக்கி வைத்திருந்தன. மேட்டை வெட்டிப் பள்ளத்தை நிரப்பலாம் என்பது வாப்பாவின் திட்டம். மழையை உறிஞ்சி, கீழேயுள்ள உப்புத் தண்ணீருக்கு மேல் நல்ல தண்ணீரை மிதக்கவைப்பதும் அந்த மேடுதான் என்றேன். “அப்போ மதில் ஒண்ட கட்டுவோம்” என்றார்.

உம்மம்மா விடவில்லை. “முந்தி மதில் கட்டினவங்க ரெண்டு வருஷத்துல அதைத் தோண்டி எடுத்தாங்க. நாங்க ஓலை வேலிதான் கட்டுவோம்.”

காரணம் பிறகுதான் விளங்கியது. மதிலில் மோதிய காற்று மேலேறிப் பின்னால் சுழன்று அடிமண்ணைப் பறிக்கும். ஓலை வேலி பாதிக் காற்றை விட்டு மீதியைத் தளர்த்த, மணல் அங்கேயே விழும்.

பெக்கோ வந்த அன்று மேட்டைச் சுற்றி வாப்பா கயிறு கட்டியிருந்தார். அத்திவாரம் வடகிழக்கே பத்து அடி தள்ளிப் போனது. பாதையிலிருந்து பார்த்தால் வீடு தெரிவதில்லை என்று உம்மாவுக்கு இன்றும் குறைதான்.