ஓர் ஏக்கர் நெல்லும் ஒரு கணினியும்

நுழையும்முன்

விளையாட்டுக்கென வீட்டிலேயே கணினியைக் கூட்டிச் சேர்க்கும் வழக்கம் இன்று சிற்றூர் இளைஞரிடமும் பரவியிருக்கிறது. ஆயத்தமாக விற்கும் கணினியில் உறுப்புகளைத் தேர்ந்தவர் வணிகர்; தாமே சேர்க்கும் கணினியில் தேர்பவர் நாம். எந்த உறுப்புக்கு எவ்வளவு செலவிடலாம், எங்கே சிக்கனம் கூடாது என்பதைக் காவிரிப் படுகையின் கண்கொண்டு காண்கிறது இப்பாடம்.

நெல்லால் அளத்தல்

2025-26 கொள்முதல் பருவத்தில் தமிழ்நாட்டின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் சாதாரண இரக நெல்லுக்குக் குவிண்டால் ஒன்றுக்கு 2,500 ரூபாய் விலை வழங்கப்பட்டது. விளையாட்டுகளை ஓரளவு நன்றாக இயக்கும் கணினிக்கு 60,000 ரூபாய் ஒதுக்குவதாகக் கொள்வோம். அது 24 குவிண்டால் நெல். 40 கிலோ மூட்டையாகக் கணக்கிட்டால் 60 மூட்டை. தஞ்சைப் பகுதியில் ஓர் ஏக்கர் நன்செய் ஒரு போகத்தில் தரும் விளைச்சல் ஏறத்தாழ அவ்வளவே. உழவு, நடவு, உரம், அறுவடை இயந்திர வாடகை ஆகியவை கழிந்தபின் உழவர் கையில் நிற்பதோ அதில் ஒரு பகுதிதான். எனவே தேவையற்ற உறுப்பொன்றில் 10,000 ரூபாய் முடங்கினால், 10 மூட்டை நெல் களத்திலேயே கிடந்து நனைந்ததற்கு ஒப்பாகும். விலைப்பட்டியலைப் பார்க்கும்போதெல்லாம் தொகையை மூட்டையாக மாற்றிப் பார்ப்பது நல்ல பழக்கம். பளபளக்கும் வண்ண விளக்கு பொருத்திய விசிறிகளின் மீதுள்ள ஆசை அப்போது தானாகவே தணியும்.

மதகின் அளவே நீரின் அளவு

மேட்டூர் அணையில் 120 அடி நீர் நிறைந்திருக்கலாம். கல்லணையிலிருந்து காவிரியிலும் வெண்ணாற்றிலும் கல்லணைக் கால்வாயிலும் வெள்ளம் பாயலாம். ஆயினும் நம் வாய்க்காலின் மதகு குறுகியதாயின், அந்த மதகு விடும் நீரே கடைமடை வயலைச் சேரும். கணினியின் இயல்பும் இதுவே.

திரையில் ஓடும் விளையாட்டு, நொடிக்குப் பல முறை புதிதாக வரையப்படும் படங்களின் தொடர். ஒவ்வொரு படத்திலும் யார் எங்கே நிற்கிறார், பந்து எத்திசையில் செல்கிறது என்பனவற்றைக் கணக்கிடுவது மையச் செயலகம். அக்கணக்கைக் காட்சியாகத் தீட்டுவது வரைகலை அட்டை. செயலகம் நொடிக்கு 70 படங்களுக்கே கணக்கிட முடியுமெனில், 150 படங்களைத் தீட்டவல்ல அட்டையைப் பொருத்தினாலும் நாம் காண்பது 70 படங்களே. மிகுதி ஆற்றலுக்குக் கொடுத்த பணம் கடலில் கலந்த வெள்ளம் போன்றது.

ஆகவே தேர்வைத் திரையிலிருந்து தொடங்க வேண்டும். பலர் திரையைக் கடைசியில் எண்ணுகிறார்கள். அது தலைகீழான முறை. 1920க்கு 1080 என்னும் அளவுடைய திரையில் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. 3840க்கு 2160 என்னும் அளவுடைய திரையில் 82,94,400 புள்ளிகள்; அதாவது நான்கு மடங்கு. அத்தனையையும் நொடிக்கு 60 முறை தீட்ட மிகு விலை அட்டை தேவைப்படும். முதல் கணினிக்கு முந்தைய அளவே போதும். திரையும் அதன் புதுப்பிப்பு வேகமும் முடிவானபின் அதற்கேற்ற வரைகலை அட்டை, அட்டைக்கேற்ற செயலகம் என்று பின்னோக்கிச் செல்லலாம். விளையாட்டுக் கணினியில் மொத்தச் செலவின் மூன்றில் ஒரு பங்கோ சற்று மிகுதியோ வரைகலை அட்டைக்குச் செல்வது இயல்பு.

நினைவகத்தில் ஒரு நுட்பம் உண்டு. 16 ஜி.பி. கொண்ட ஒரே பட்டையை வாங்குவதினும் 8 ஜி.பி. கொண்ட இரு பட்டைகளை இணையாக வாங்குவது நன்று. தரவு இரு தடங்களில் பாய்வதால் அதன் கடத்துதிறன் இரட்டிக்கும்.

தாய்ப்பலகையைப் பொறுத்தவரை, அழகைவிட அதன் பொருத்துவாயின் ஆயுளையே காண வேண்டும். 2017இல் ஏ.எம்.டி. நிறுவனத்தின் முதல் ரைசன் செயலகங்களைத் தாங்கிய ஏ.எம்.4 பலகைகளில் பல, உள்மென்பொருளைப் புதுப்பித்தபின் 2022இல் வெளியான செயலகத்தையும் ஏற்றன. பலகையை மாற்றாமல் செயலகத்தை மட்டும் மாற்ற முடிந்தவருக்கு அது எவ்வளவு பெரிய மிச்சம்!

தெரிந்து தெளிவோம்

தாய்ப்பலகை கடைகளில் மதர்போர்டு; மையச் செயலகம் பிராசசர்; நினைவகம் ராம்; வரைகலை அட்டை கிராபிக்ஸ் கார்டு; மின்வழங்கி எஸ்.எம்.பி.எஸ். இரு வழக்குகளையும் அறிந்தவரே விலைச்சீட்டைப் பிழையின்றிப் படிப்பர்.

சிக்கனம் கூடாத இடம்

கடைக்காரர் கூட்டுத்தொகையைக் குறைத்துக் காட்ட முதலில் கைவைப்பது மின்வழங்கியில்தான். பெட்டியுடன் சேர்த்தே தரப்படும் பெயரறியா மின்வழங்கியின் மேல் 500 வாட் என்று அச்சிட்டிருக்கும். உண்மைத் திறன் வேறாக இருக்கலாம். 115 வாட் வரை எடுக்கும் ஆர்.டி.எக்ஸ். 4060 போன்ற அட்டைக்கும் 65 வாட் வகைச் செயலகத்துக்கும் தரமான 550 வாட் மின்வழங்கி தாராளமாகப் போதும். 80 பிளஸ் என்னும் சான்று, பெறும் மின்சாரத்தில் குறைந்தது 80 விழுக்காட்டைப் பயனாக்குவதைக் காட்டுகிறது. மின்வழங்கி பழுதானால் தன்னுடன் பிற உறுப்புகளையும் கெடுத்துவிடக்கூடும். வேறெந்த உறுப்பின் பழுதும் பெரும்பாலும் அதனோடு நின்றுவிடும்.

நம் ஊர்களில் இதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மின்தடத்தின் கடைசியில் இருக்கும் வீடுகளில், வயல்களின் மின்மோட்டார்கள் ஓடும்போது மின்னழுத்தம் தாழ்ந்து ஏறுவதைக் காணலாம். பழைய வீடுகள் சிலவற்றில் நிலத்தொடுப்பு முறையாக இராது. அங்கே கணினிப் பெட்டியைத் தொட்டால் விரல் கூசும். அது பேயுமன்று, பழுதுமன்று, நிலத்துக்குச் செல்ல வழியின்றி உலோகப் பெட்டியில் தங்கும் கசிவு மின்சாரம். மூன்று முனைச் செருகியை இரு முனையாக மாற்றும் துண்டைப் பயன்படுத்துவதைக் கைவிட்டு, மின்பணியாளரைக் கொண்டு நிலத்தொடுப்பைச் சீர்செய்வதே முதற்செலவு. விளையாட்டை முடித்துக் கணினியை ஒழுங்காக அணைக்கச் சில நிமிடங்கள் தரும் யு.பி.எஸ். அடுத்தது. அறுவடைக் காலத் தூசியைத் தடுக்கும் வலை பொருத்திய பெட்டியும் இங்கே ஆடம்பரமன்று.

எங்கே வாங்குவது? எப்போது வாங்குவது?

சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற கடைத்தெரு. அங்கு விலை குறையலாம். ஆனால் பழுதான உறுப்பைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூரிலிருந்து மீண்டும் சென்னைக்குச் செல்லும் செலவையும் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். திருச்சியிலோ தஞ்சாவூரிலோ உள்ள கடை 500 ரூபாய் கூடுதலாகக் கேட்டாலும் அதுவே மலிவாக முடிவதுண்டு. எங்கே வாங்கினாலும் 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி குறித்த விலைச்சீட்டையும், அதில் ஒவ்வோர் உறுப்பின் வரிசை எண்ணையும் கேட்டுப் பெறுக. சீட்டில்லாத மலிவு, உத்தரவாதமில்லாத மலிவு.

விலைகள் ஆற்று நீர்போல ஏறி இறங்குபவை. 2021இல் எண்மக் காசு அகழ்வோர் வரைகலை அட்டைகளை அள்ளிக்கொண்டதால் அவை அரிதாயின. 2022 செப்டம்பரில் எத்தீரியம் அம்முறையைக் கைவிட்டபின் பயன்படுத்திய அட்டைகள் சந்தையில் குவிந்தன. 2025இன் இறுதியில் செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்களின் தேவையால் நினைவகத்தின் விலை உயர்ந்தது. பழைய அட்டையை வாங்குவோர், அரைமணி நேரமேனும் கடினமான விளையாட்டொன்றை ஓடவிட்டு, வெப்பத்தையும் விசிறியின் ஒலியையும் கவனித்த பின்னரே பணம் தருதல் வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. ரைசன் 5 5600ஜி போன்ற செயலகங்களில் வரைகலைத் திறன் உள்ளேயே அமைந்துள்ளது. எளிய விளையாட்டுகளுக்கும் படிப்புக்கும் அது போதும். குறுவை அறுவடையில் அவ்வகைச் செயலகத்துடன் தரமான மின்வழங்கியும் பலகையும் வாங்கிக் கணினியை இயக்கத் தொடங்கலாம். வரைகலை அட்டையைத் தாளடி கரையேறியபின் பொருத்தலாம். இடைப்பட்ட மாதங்களில் அதன் விலை இறங்கியிருந்தால் அது வருவாய். ஏறியிருந்தாலும் நடப்பிலுள்ள கணினி கையில் இருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலோ அருகிலுள்ள நகரிலோ மூன்று கடைகளில் ஒரே உறுப்பின் விலையைக் கேட்டறிந்து, அதை நெல் மூட்டைக் கணக்கில் மாற்றிப் பட்டியலிடுக.

2. வீட்டின் மின்னிணைப்பில் நிலத்தொடுப்பு முறையாக உள்ளதா என மின்பணியாளர் ஒருவரைக் கேட்டு, அவர் விளக்கியதை ஒரு பக்க அளவில் எழுதுக.