உறைகடல் கற்றுத்தரும் பாடம்



தலவிலக் கரையில் காற்றுக்கு ஒரு கணக்கு உண்டு. சோளகம் எழும்பினால் கடல் குமுறும், வள்ளங்கள் கரையேறும். சோளகம் தணிந்து வாடை தொடங்கும்போது மழை வரும். கடலும் அடங்கும், தோட்டமும் தளிர்க்கும். கரையில் பிறந்து வளர்ந்தவர்கள் இந்தக் கணக்கை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. பாட்டன் பார்த்ததைத் தகப்பனும், தகப்பன் பார்த்ததைப் பிள்ளையும் பார்த்துச் சேர்த்த அறிவு அது.

ஊரை விட்டு வந்தவர்கள் தாம் இழந்தவற்றைப் பட்டியலிடும்போது வீடு, வயல், மாடு, மரம் என்று எழுதுவார்கள். இந்த அறிவை எவரும் எழுதுவதில்லை. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளம் மாவட்டத்துக்கு வந்த முஸ்லிம் குடும்பங்களும், போரின் வெவ்வேறு கட்டங்களில் இங்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் தங்கள் பழைய மண்ணை நன்கு அறிந்தவர்கள். எப்போது விதைப்பது, எந்தக் கிணறு எந்த மாதத்தில் வற்றும் என்பதெல்லாம் அவர்களுக்கு மனப்பாடம். ஆனால் கடலுக்கும் களப்புக்கும் நடுவிலுள்ள இந்த மணலில் அந்த மனப்பாடம் உதவவில்லை. எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

பாட்டன் கணக்கு இல்லாத ஒரு மண்ணின் கணக்கை எப்படிச் சேர்ப்பது? இதுவே இவ்விதழில் நாம் எடுத்துக்கொண்ட பாடம். இதற்கு நாம் வெகுதூரம் செல்லப்போகிறோம். பூமியின் வட முனையிலும் தென் முனையிலும் கடலே உறைந்துபோகும் இடங்கள் இருக்கின்றன. அவற்றுள் பரம்பரைக் குடிகள் இல்லாத சில இடங்களில், பல ஆண்டுகள் பொறுமையாகப் பார்த்து எழுதியே ஒரு கணக்கைச் சேர்த்திருக்கிறார்கள்.

கடல் உறைவது எப்படி?

நன்னீர் பூச்சியம் பாகையில் உறையும். கடல் நீரில் உப்பு இருப்பதால் அது உறைவதற்கு இன்னும் குளிர வேண்டும். பூச்சியத்துக்குக் கீழே சுமார் 1.8 பாகை. உறையும்போது உப்பின் பெரும்பகுதி வெளியே தள்ளப்படுகிறது. ஆகவே கடல் பனிக்கட்டியில் உப்புக் குறைவு.

தென்முனையில் அந்தாட்டிக்காக் கண்டத்தைச் சுற்றிக் குளிர்காலத்தில் ஏறக்குறைய 180 இலட்சம் சதுர கிலோமீற்றர் கடல் உறையும். இலங்கையைப் போல் 270 மடங்குக்கு மேல். கோடையில் அது சுமார் 30 இலட்சமாகச் சுருங்கும். நமக்கு மாரி, கோடை, சோளகம், வாடை எப்படியோ, அக்கடலின் உயிர்களுக்குப் பனிக்கட்டியின் வரவும் போக்கும் அப்படி. பனிக்கட்டி எப்போது வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது, எப்போது உடைகிறது என்பதைப் பொறுத்தே அங்கு எல்லா உயிரும் வாழ்கின்றன.

பனிக்கட்டியின் அடியில் ஒரு வயல்

வெண்மையாகக் கிடக்கும் அந்தப் பனிக்கட்டியின் அடிப்பக்கத்தில் பாசி வளர்கிறது. இளவேனிலில் சூரியன் திரும்பும்போது, பனிக்கட்டியை ஊடுருவி வரும் சிறு வெளிச்சமே அதற்குப் போதும். இதுதான் முதற் போகம். பின்னர் பனிக்கட்டி உருகும். உருகிய நீர் உப்புக் குறைந்தது, பாரமற்றது. ஆகவே மேலே நிற்கும். அந்த மேற்படையில் வெளிச்சம் நிறைந்திருப்பதால், பிளாந்தன் என்னும் கண்ணுக்குத் தெரியாத மிதக்கும் தாவரங்கள் பெருகுகின்றன. இது இரண்டாம் போகம்.

இந்த விளைச்சலைத் தின்பது யார்? தென்முனையில் நமது கூனி இறாலைப் போன்ற கிறில் என்னும் உயிரினம். அதன் குஞ்சுகள் குளிர்காலம் முழுவதும் பனிக்கட்டியின் அடியிலுள்ள பாசியை மேய்ந்தே பிழைக்கின்றன. கிறிலைப் பென்குயின்களும் சீல்களும் திமிங்கிலங்களும் உண்கின்றன. வடமுனையில் அரிசிமணியளவு கொழுப்பு நிறைந்த சிற்றுயிர்கள் பாசியை உண்ண, அவற்றை மீனும் பறவையும் உண்ண, மீனைச் சீல் உண்ண, சீலைப் பனிக்கரடி உண்கிறது.

மழை பிந்தினால் முதலில் நாற்று வாடும், பிறகு மாடு மெலியும், பிறகு வீட்டில் உலை கொதிக்காது. உறைகடலிலும் அப்படியே. பனிக்கட்டி தவறினால் அந்தக் குறை படிப்படியாக மேலே ஏறும்.

சென்னையில் செய்த கருவி

வடமுனைக்குச் சுமார் 1200 கிலோமீற்றர் தெற்கே, நோர்வேயின் ஆட்சியிலுள்ள ஸ்வால்பாத் தீவுகளில் கொங்ஸ்ஃபியோர்ட் என்ற ஒடுங்கிய கடற்குடா இருக்கிறது. அதன் கரையில் 2008 யூலையில் இந்தியா ‘ஹிமாத்ரி’ என்ற ஆய்வு நிலையத்தைத் திறந்தது. 2014 யூலையில் அக்குடாவில், சுமார் 190 மீற்றர் ஆழத்தில், ‘இண்டார்க்’ என்ற அளவுக் கருவித் தொகுதியை நங்கூரமிட்டு நிறுத்தினார்கள். இதை உருவாக்கியது சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனம்.

அங்கு குளிர்காலத்தில் மூன்றரை மாதத்துக்கும் மேலாகச் சூரியன் எழுவதில்லை. அந்த இருளிலும் குளிரிலும் மனிதர் நாள்தோறும் படகில் சென்று அளக்க முடியாது. அதனால் கடலடியிலிருந்து மேல்நோக்கி நிற்கும் ஒரு கயிற்றில், வெவ்வேறு ஆழங்களில் கருவிகளைக் கட்டியிருக்கிறார்கள். நீரின் வெப்பம், உப்பு, நீரோட்டம், கரைந்துள்ள ஒட்சிசன் முதலியவற்றை அவை தாமாகவே அளந்து பதிந்துகொள்கின்றன. பின்னர் கருவியை மேலே தூக்கிக் கணக்கை எடுத்துக்கொண்டு, திரும்பவும் கடலில் இறக்குவார்கள். ஆட்டிக் கடலின் மாற்றத்துக்கும் இந்தியாவின் பருவமழைக்கும் உள்ள தொடர்பை அறிவதும் இம்முயற்சியின் நோக்கங்களில் ஒன்று.

நோர்வே ஆய்வாளர்கள் அதற்கு முன்பிருந்தே அக்குடாவைக் கவனித்து வந்தார்கள். முன்பெல்லாம் குளிர்காலத்தில் குடாவின் உட்பகுதி நன்றாக உறையும். 2005-2006 குளிர்காலத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்தின் இளஞ்சூடான நீர் உள்ளே புகுந்தது. அதன்பின் பெரும்பாலான ஆண்டுகளில் பனிக்கட்டி குறைவு. தெற்கே வாழும் மீன்கள் உள்ளே வந்தன. பனிக்கட்டிமேல் குட்டி ஈனும் சீல்களுக்கு இடம் குறைந்தது. பனிக்கட்டிமேல் நின்று சீலை வேட்டையாடும் கரடிகள், கரைத் தீவுகளுக்கு வந்து பறவைகளின் முட்டைகளைத் தின்னத் தொடங்கின. குறைந்தது நீர்மேல் மிதந்த பனிக்கட்டி. அழிந்தது கரையிலிருந்த பறவைக் கூடு. இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் கண்டவர்கள் ஆண்டுதோறும் சென்று எண்ணியவர்களே.

எண்ணிக்கொண்டே இருந்தவர்கள்

இனித் தென்முனைக்குச் செல்வோம். அந்தாட்டிக்காத் தீபகற்பத்தின் மேற்குக் கரையில், அன்வர்ஸ் தீவில், அமெரிக்காவின் பாமர் நிலையம் உள்ளது. அதைச் சுற்றியுள்ள சிறு தீவுகளில் 1970களின் நடுப்பகுதியில் அடேலி என்ற இனப் பென்குயின்கள் சுமார் 15,000 சோடிகள் இருந்தன. 1990இல் அங்கே நீண்டகாலச் சூழலியல் ஆய்வு ஒன்று தொடங்கியது. பனிக்கட்டி, பிளாந்தன், கிறில், பென்குயின் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுதோறும் அளந்தார்கள்.

அப்பகுதியில் பனிக்கட்டி முன்பைவிடப் பிந்தி வந்தது, முந்திப் போனது. செய்மதிகள் அளக்கத் தொடங்கிய 1970களின் இறுதியிலிருந்து முப்பது ஆண்டுகளில் அதன் காலம் ஏறக்குறைய மூன்று மாதம் குறுகிவிட்டது. அடேலிப் பென்குயின்களில் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இல்லாமற் போயின. 1990களின் நடுப்பகுதியிலிருந்து, பனிக்கட்டியை அவ்வளவாக நம்பியிராத ஜென்ரூ என்ற வேறு இனம் அங்கு வந்து குடியேறியது. அந்தாட்டிக்காவின் வேறு சில கரைகளில் அடேலிப் பென்குயின்கள் இன்னும் பெருங்கூட்டமாக வாழ்கின்றன என்பதையும் சொல்ல வேண்டும். ஓர் இடத்தின் கணக்கு மற்றோர் இடத்துக்குப் பொருந்தாது. நம்மில் இடம்பெயர்ந்த எவருக்கும் இதை விளக்கத் தேவையில்லை.

ஓராண்டுப் பார்வை ஏமாற்றும்

அந்தாட்டிக்காவின் மொத்தப் பனிக்கட்டி 2014ஆம் ஆண்டுவரை சிறிது சிறிதாகக் கூடியே வந்தது. அந்த ஆண்டோடு கணக்கை நிறுத்தியிருந்தால், “தெற்கே ஒரு கவலையும் இல்லை” என்று எழுதி முடித்திருப்பார்கள். ஆனால் 2016இல் அது திடீரெனச் சரிந்தது. 2023இல் செய்மதிக் கணக்கில் என்றும் இல்லாத அளவுக்குக் குறைந்தது. 2022இன் பிற்பகுதியில் பெலிங்ஸ்ஹவுசன் கடலில், கவனித்த ஐந்து பேரரசப் பென்குயின் குடியிருப்புக்களில் நான்கில், குஞ்சுகளுக்கு நீந்தும் சிறகு முளைக்கும் முன்பே காலடியிலிருந்த பனிக்கட்டி உடைந்துபோயிற்று. அங்கே குஞ்சுகள் தப்பவில்லை.

ஒரு நல்ல ஆண்டைப் பார்த்து மகிழ்ந்து கடன் வாங்குவதும், ஒரு கெட்ட ஆண்டைப் பார்த்து மனமுடைந்து தோட்டத்தைக் கைவிடுவதும் நமக்குத் தெரியாதவை அல்ல. எது தற்செயல், எது மாற்றம் என்பதைப் பல ஆண்டுக் கணக்குத்தான் பிரித்துக் காட்டும்.

நமது கடலிலும் ஒரு சாட்சி

இது தூரதேசக் கதை மட்டும் அல்ல. கற்பிட்டிக்கு அப்பால் உள்ள பார் ரீஃப் பவளப் பாறைத்தொடர் 1992இல் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1998இல் கடல்நீர் சூடேறியபோது அதன் ஆழங்குறைந்த பகுதியிலிருந்த பவளங்கள் வெளிறி, பெரும்பாலும் இறந்துவிட்டன. பின்னர் மெல்ல மெல்லத் தளிர்த்தன. 2016இல் மீண்டும் வெளிறிப் பாதிக்கப்பட்டன. உறைகடலுக்குப் பனிக்கட்டி எப்படியோ, நமது கரை மீனுக்குப் பவளப்பாறை அப்படி. அதுவே இரை, அதுவே ஒதுங்கும் இடம். 1998க்கு முன்பே அங்கு மூழ்கிப் பார்த்து எழுதி வைத்தவர்கள் இருந்தார்கள். அதனால்தான் எவ்வளவு இழந்தோம், எவ்வளவு திரும்பியது என்று இன்று சொல்ல முடிகிறது.

நமது மணலின் கணக்கு

இனி நமது தோட்டத்துக்கு வருவோம். இக்கரையின் மணலுக்குள் இருக்கும் நன்னீர், மழையால் வந்த நீர். அது கீழேயுள்ள உப்பு நீரின்மேல் ஒரு மெல்லிய படையாக மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயுள்ள உப்பு மேலே ஏறும். மணலில் இடும் பசளை மழையோடும் இறைப்போடும் விரைவாகக் கீழிறங்கும். கற்பிட்டிக் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில், பசளையிலிருந்து வரும் நைத்திரேற்று குடிநீருக்கு ஏற்ற அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இதை நாக்கு அறியாது. பாலூட்டும் புட்டியில் இந்நீரைக் கலந்து கொடுத்தால் கைக்குழந்தைக்கு ஆபத்து. கொதிக்க வைத்தாலும் நைத்திரேற்று போகாது.

ஆகவே ஒவ்வொரு குடும்பமும், அல்லது பத்துக் குடும்பம் சேர்ந்த ஒவ்வொரு குழுவும், ஒரு கொப்பியைத் தொடங்க வேண்டும் என்பது நமது வேண்டுகோள். செலவு அதிகமில்லை.

1. மழை: வாயும் அடியும் ஒரே அகலமான தகரப் பேணி ஒன்றை மரநிழல் இல்லாத வெளியில் வையுங்கள். மழை பெய்த மறுநாள் காலையில் அடிமட்டத்தால் நீரின் ஆழத்தை மில்லிமீற்றரில் அளந்து எழுதிவிட்டு ஊற்றிவிடுங்கள். ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் கால் ஏக்கர் நிலத்துக்குச் சுமார் 1000 லீற்றர் தண்ணீர்.

2. கிணறு: ஒவ்வொரு மாதமும் முதலாம் திகதி காலையில், இறைக்கத் தொடங்கும் முன், கிணற்றுக் கட்டிலிருந்து நீர்மட்டம் வரை அளவுநாடாவால் அளவுங்கள். அளக்கும் இடத்தில் ஓர் அடையாளம் இடுங்கள். நீர் உவர்க்கிறதா என்பதையும் எழுதுங்கள்.

3. காற்று: சோளகம் எழுந்த நாள், தணிந்த நாள், வாடை தொடங்கிய நாள்.

4. பயிர்: நட்ட நாள், இட்ட பசளையின் அளவு, கண்ட நோய், எடுத்த விளைச்சல்.

எழுதத் தெரிந்த பிள்ளையிடம் இந்த வேலையைக் கொடுங்கள். சொல்லத் தெரிந்த மூத்தவர் பக்கத்தில் இருக்கட்டும். மூத்தவர் பழைய ஊரின் கணக்கையும் சொல்வார். அதையும் கொப்பியின் பின்பக்கத்தில் எழுதி வையுங்கள். திரும்பிச் செல்லும் குடும்பங்களுக்கு அது அங்கே உதவும். இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்களின் பேரப்பிள்ளைகளுக்கு முன்பக்கம் உதவும்.

ஓராண்டுக் கொப்பி பெரிதாக ஒன்றும் சொல்லாது. ஐந்தாம் ஆண்டில் அது பேசத் தொடங்கும். பத்தாம் ஆண்டில், தண்ணீர் பற்றியோ பசளை பற்றியோ அதிகாரிகளோடு பேசும்போது, “முன்பு நல்லாயிருந்தது, இப்போது கெட்டுவிட்டது” என்று வெறும் வாயால் சொல்ல வேண்டியதில்லை. கொப்பியைத் திறந்து திகதியோடு காட்டலாம்.

குழுவில் கலந்துரையாட

1. உங்கள் பழைய ஊரில் மழை வரப்போவதை எந்த அடையாளங்களால் அறிந்தீர்கள்? அவற்றில் எவை இங்கே பொருந்துகின்றன, எவை பொருந்தவில்லை?

2. நீங்கள் இங்கு வந்த ஆண்டில் உங்கள் கிணற்று நீர் எப்படி இருந்தது? இன்று எப்படி இருக்கிறது? இதற்கு எழுத்தில் ஏதும் சான்று உண்டா?

3. பனிக்கட்டி குறைந்ததால் கரைப்பறவையின் கூடு அழிந்தது போல, நமது பகுதியில் ஒன்று குறைந்ததால் வேறொன்று பாதிக்கப்பட்ட உதாரணம் என்ன?

4. உங்கள் குழுவில் கொப்பியை யார் வைத்திருப்பது? அவர் இல்லாத நாளில் யார் எழுதுவது?

நான்காவது கேள்விக்கு விடை கண்ட பின்பே கூட்டத்தை முடியுங்கள்.